ஜன்னல் பக்கம் எடுத்த படம்

கலைப்பிரியாவின் நிறம் என்ன என்று திண்டிவனத்தில் எல்லோருக்கும் தெரியும். போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவள் நல்ல கறுப்பு. கல்யாணத்துக்கென்று மூன்று ஸ்டுடியோக்களில் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தாகிவிட்டது. மூன்றிலும் பட்டுப்புடவை கட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். படத்தில் வந்தவள் மட்டும் யாரோ காஷ்மீர்க்காரி.

எடுத்த முகத்துக்குக் கம்ப்யூட்டரில் வெள்ளையடிப்பது இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. யாரும் கேட்கவேண்டியதில்லை, தாமாகவே செய்துவிடுவார்கள். ஏதோ கன்னிகாதானத்துக்கு உதவி செய்கிற மாதிரி ஒரு திருப்தி அவர்களுக்கு. பெண்ணைப் பெற்றவர்களும் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் தரகரிடம் கொடுத்துவிடுவார்கள். அதை நம்பி மாப்பிள்ளை வீட்டார் காரெடுத்துக்கொண்டு வருவார்கள். நிலைவாசலைத் தாண்டியதும் பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொள்வார்கள். அதோடு சரி.

கடைசியாக வந்தவர்கள் கூட்டேரிப்பட்டுக்காரர்கள். அவர்களில் ஒரு பெரியம்மாவுக்கு மனசில் பட்டதை மறைக்கத் தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கலைப்பிரியாவின் அம்மா ராஜாமணியிடம், "போட்டோவுல வேற பொண்ணுல்ல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ராஜாமணி அன்று ராத்திரி சோற்றைத் தொடவில்லை.

அண்ணன் வேங்கடேசன் தரகரைத் திட்டினான், ஸ்டுடியோக்காரனைத் திட்டினான், கோபம் அடங்கியதும் பாண்டிச்சேரியில் வேறு நல்ல ஸ்டுடியோவாகப் பார்க்கலாம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அப்பா போனபின் நிலத்தையும் கவனித்துக்கொண்டு தங்கையை பி.காம். வரை படிக்கவைத்தவன். முப்பத்து மூன்று வயதாகியும் அவளுக்கு ஒரு இடம் அமையவில்லையே என்று தூக்கத்திலும் புலம்புவதாக அண்ணி கவிதா சொல்லுவாள்.

கலைப்பிரியா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கூடத்தில் நின்றாள். "இனிமே எந்த ஸ்டுடியோவுக்கும் நான் போவ மாட்டேன். என் போட்டோவ நானே எடுத்துக்கறேன்" என்றாள்.

வீராப்பாகத்தான் சொன்னாள். அவள் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்குக் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். செல்போனைத் தவிர வேறு எதிலும் படம் எடுத்ததில்லை, அதிலும் பாதிப் படத்தில் அவள் விரல்தான் இருக்கும். ஆனால் ரோஷம் வந்துவிட்டால் அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள். விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோகிராபி சொல்லித் தருகிறார்கள் என்று மண்டிக்கு வந்த யாரோ சொல்ல, அடுத்த வாரமே பஸ் ஏறிவிட்டாள்.

வகுப்பு ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் நடந்தது. சொல்லித்தருகிற திருமுருகன் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன், அவளைவிடச் சின்னவன், முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் விழுந்தால் அந்த வாரம் வகுப்பு கிடையாது. மாணவர்கள் என்று பார்த்தால் ஏழெட்டுக் கல்லூரிப் பையன்கள், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். இரண்டு பேருக்கு ஒரு கேமரா என்றதும் பையன்கள் ஆளுக்கொரு தோழனைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் நின்றது கலைப்பிரியாவும் நெடுஞ்செழியனும்.

அவனுக்கு முப்பத்தாறு வயதிருக்கும். கண்டமங்கலம் பக்கத்திலிருந்து தினமும் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தன் கல்யாணப் பேச்சு எங்கேயோ நின்றுபோய்விட்டது என்று பின்னால் ஒருநாள் சொன்னான். அன்றைக்கு அவன் சொன்னதெல்லாம், "நீங்களே மொதல்ல எடுங்க" என்பது மட்டும்தான்.

அவள் அவனை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தாள். ஸ்டுடியோவில் அப்படித்தானே நிற்கவைக்கிறார்கள். படத்தில் சுவர் மங்கலாக வந்தது, அவன் முகம் தார் பூசினதுபோல் வந்தது. கண்கூடத் தெரியவில்லை. பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கலைப்பிரியாவுக்கு முகம் கன்றிவிட்டது. அவன் கறுப்பைத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது, அது தன்னைச் சிரித்த மாதிரியே இருந்தது.

திருமுருகன் வந்து பார்த்தான். கேமராவுக்கு ஆளையும் தெரியாது, சுவரையும் தெரியாது, கண்ணுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் சேர்த்து நடுத்தரமாக ஒரு வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும் என்று விளக்கினான். வெள்ளைச் சுவர் நிறைய இருந்தால், ரொம்ப வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுமாம். அதனால் முகத்தை வைத்து அளக்காமல், அந்த இடத்து வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி அதை வைத்து அளந்துகொள்ளச் சொன்னான். "மொகம் எப்டி வேணா இருக்கட்டும்க்கா. உள்ளங்கை எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே கலருதான்."

அவள் உள்ளங்கையை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டி அளந்தாள். கையை எடுத்துவிட்டு இரண்டாம் முறை எடுத்தாள். இப்போது முகம் வந்தது. புருவத்துக்குக் கீழே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு, கறுப்பு கறுப்பாகவே இருக்க அதற்குள்ளே ஒரு மினுமினுப்பு. யாரும் அவனுக்கு வெள்ளையடிக்கவில்லை. இவ்வளவுதானா சங்கதி என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. இதற்காகவா மூன்று ஸ்டுடியோ, எத்தனை கேசரி, அம்மாவின் எத்தனை பட்டினி என்று நினைத்தபோது ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

நெடுஞ்செழியன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். "நான் நானாவே இருக்கேங்க" என்றான்.

அப்புறம் வந்த ஞாயிறுகள் எப்படிப் போயின என்று கேட்டால் கலைப்பிரியாவால் வரிசையாகச் சொல்லமுடியாது. லென்ஸின் வாயை அகலமாகத் திறந்தால் ஆள் மட்டும் பளிச்சென்று நின்று பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும் என்று ஒருநாள் படித்தார்கள். ஷட்டரைச் சட்டென்று மூடினால் ஓடுகிற பஸ் நிற்கும், மெதுவாக மூடினால் நிற்கிற மனிதர்களுக்கு நடுவே பஸ் கோடாக ஓடும் என்று ஒருநாள் படித்தார்கள். நான்குமுனைச் சந்திப்பில் வெயிலில் நின்று அதைப் பழகியபோது ஒரு டிராபிக் போலீஸ்காரர் இவர்களைப் பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்து விறைப்பாக நின்றுகொண்டார். அவரையும் எடுத்தார்கள். பூக்கடைத் தெருவில் சாமந்தி அளக்கிற கைகளை எடுத்தார்கள். அவள் எடுத்ததில் பாதி ஆடிப்போயிருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள் என்று அவன் சொல்லுவான். அவன் பக்கத்தில் நின்றால் மூச்சைப் பிடிப்பது அவளுக்கு அவ்வளவு எளிதாக இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

எதற்காகப் படம் எடுக்கக் கற்கிறீர்கள் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டாள். தன் காரணத்தை அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள், அந்தக் கூட்டேரிப்பட்டுப் பெரியம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டியும் இருந்தாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க காலனி பசங்க நல்லா கபடி ஆடுவாங்க. ஜெயிச்சுக்கினு வந்தாலும் எந்தப் பேப்பர்லயும் போட மாட்டாங்க. நாமளே எடுத்து வெச்சுக்கலாம்னுதான்" என்றான்.

காலனி என்று அவன் சாதாரணமாகச் சொன்னான், ஆனால் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஊர்ப்பக்கத்து விவசாயக் குடும்பம் என்பது அவனுக்கு முன்பே தெரியும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் எங்கேயும் ஒரு ரோடுதான் இருக்கும். கல்யாணப் பேச்சோடு அந்த ரோட்டைத் தாண்டியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இரண்டு பேருமே கேட்டு வளர்ந்தவர்கள். அவள் டம்ளரைக் கீழே வைக்காமல், வேகமாக ஓடுகிறவர்களை எடுக்க ஷட்டரை எவ்வளவு வைக்கவேண்டும் என்று கேட்டாள். அவன் முகம் தெளிந்தது. அன்று கபடியைப் பற்றி இரண்டாவது டீ முடிகிறவரை பேசினான்.

வகுப்பு முடிந்ததும் இருவரும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வருவார்கள். அவனுக்குப் பாண்டிச்சேரி பஸ், அவளுக்குத் திண்டிவனம் பஸ். அவனுடையது நிமிஷத்துக்கு ஒன்று இருக்கும், ஆனாலும் இவள் பஸ் கிளம்புகிறவரை அவன் ஏறமாட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பார்த்தால் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பான். கையசைப்பது, போய் வருகிறேன் என்பது எல்லாம் கிடையாது. விக்கிரவாண்டி தாண்டுகிறவரை அவள் வேறு எதையும் நினைக்கமாட்டாள்.

மண்டியில் மூட்டைகள் வரும், போகும், அவள் பில் போட்டுக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை காலையிலேயே ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கும். காலண்டரில் அடுத்த ஞாயிறு முகூர்த்த நாளா என்று பார்ப்பாள். முகூர்த்தம் என்றால் திருமுருகனுக்குக் கல்யாண வேலை, வகுப்பு இல்லை. அந்த மாசத்தில் முகூர்த்தம் அதிகம். ஊரில் யார் பத்திரிகை கொண்டுவந்து வைத்தாலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு வகுப்பில் சேர்ந்தவள் இப்போது யார் கல்யாணம் செய்துகொண்டாலும் கோபப்படுகிறாளே என்று அவளே நினைத்துச் சிரித்துக்கொண்டாள். சிரித்தாலும், அப்படி வகுப்பில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டே காரணமில்லாமல் அழுதாள். காரணம் இல்லாமல் என்ன, இருந்தது. அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த வகுப்பில் திருமுருகன் முகங்களை எடுக்கச் சொன்னான். பிளாஷ் கூடாது, சுவர் கூடாது, ஜன்னல் பக்கம் வருகிற வெளிச்சம் ஒன்று போதும். மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. பையன்கள் அவசர அவசரமாக எடுத்துவிட்டுக் கீழே பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். திருமுருகனும் யாரோ போனில் கூப்பிட வராந்தாவுக்குப் போனான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றே பழகியவள். நெடுஞ்செழியன் ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பச் சொன்னான், ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினான், பிறகு தன் உள்ளங்கையை அவள் கன்னத்துக்கு அருகில் நீட்டி வெளிச்சத்தை அளந்தான். கை அவள்மேல் படவில்லை. பட்டிருந்தால்கூட அவள் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டாள். அவ்வளவு கவனமாக அந்தக் கை விலகி நின்றது.

எப்போதும்போல் உதட்டை இழுத்து ஒரு கல்யாணச் சிரிப்பு சிரித்தாள்.

"சிரிக்க வேணாங்க. சும்மா என்னப் பாருங்க" என்றான்.

அவள் பார்த்தாள். ஞாயிறுகளும், முகூர்த்தங்களும், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற உருவமும், சொல்லமுடியாமல் வாய்க்குள்ளேயே கிடந்த பேச்சும் எல்லாம் அந்தப் பார்வையில் ஏறிக்கொண்டன. அவன் கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் அவளுக்கு வெட்கம் இல்லை. ஷட்டர் ஒரே ஒரு முறை அடித்தது.

திரையில் பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பான ஒரு பெண், அவள்தான், தோல் முழுக்க ஜன்னல் வெளிச்சம் தங்கியிருந்தது. தான் இவ்வளவு அழகா என்று அவள் ஒரு கணம் மலைத்தாள். அடுத்த கணம் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கண்களைப் பார்க்கிற எவருக்கும் விஷயம் புரிந்துவிடும். எதிரில் நிற்கிறவனுக்கும்தான். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். கேமராவைப் பிடித்த கை அசையவே இல்லை.

"லைட்டு நல்லா வந்திருக்கு" என்றான் கடைசியில். அன்று சாயங்காலம் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

படம் ரகசியமாக இருந்தது ஒரு வாரம்தான். அண்ணி கவிதா ஏதோ சமையல் வீடியோ பார்க்க அவள் போனை வாங்கியவள் படத்தைப் பார்த்துவிட்டாள். அத்தை, இங்கே வந்து பாருங்கள் என்று ராஜாமணியைக் கூப்பிட்டாள். ராஜாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, என் பெண் என்று மட்டும் சொன்னாள். வேங்கடேசன் பார்த்தான். வெள்ளையடிக்காத படம், வந்து பார்க்கிறவர்கள் யாரும் இனி வாயைத் திறக்கமுடியாது என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கை சொன்னபடி செய்துகாட்டிவிட்டாள் என்று தரகரிடம் பெருமையடித்துக்கொண்டே அனுப்பிவைத்தான். கலைப்பிரியா வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். வேண்டாம் என்று மட்டும் மறுபடியும் சொன்னாள்.

அனந்தபுரத்திலிருந்து இரண்டாம் நாளே பதில் வந்தது. மாப்பிள்ளை பெயர் பூவரசன், சொந்தமாக விதைக்கடை வைத்திருக்கிறார், படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போனவர். படத்தைப் பார்த்ததுமே சம்மதம் என்று சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை வந்து முறைக்குப் பெண் பார்த்துவிட்டு, அன்றே தேதி பேசிவிடலாம் என்றார்களாம். வீட்டில் பல வருஷம் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். கலைப்பிரியா பாதியில் எழுந்து கை கழுவினாள்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவனிடம் சொன்னாள். அவன் எடுத்த படத்தைத்தான் அனுப்பினார்கள், அது பிடித்துப்போய் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, இல்லை, ஏன் என்று ஒரு கேள்வி வராதா என்று அவள் உடம்பு முழுக்கக் காத்திருந்தது.

நெடுஞ்செழியன் பையின் வாரைச் சரிசெய்தான். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தான்.

"அந்தப் படத்த நான் தெனமும் பாக்கறேங்க. பாத்துக்கினேதான் இருக்கேன்" என்றான். "ஆனா நான் உங்கள ஒன்னும் கேக்க முடியாது. நான் வாயத் தொறந்தா எனக்கு மட்டும் பேஜாரு வந்தா பரவால்ல. எங்க காலனிக்கே வரும். அங்க எங்க அம்மா இருக்காங்க, கொழந்தைங்க இருக்கு."

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் மிகை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். திண்டிவனம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் எப்போதும்போல் நின்றான். பஸ் திரும்பியபோது கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தாள், அவன் அங்கேயே இருந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பூவரசன், அவன் அம்மா, ஒரு சித்தி. வாசலைத் தாண்டியதும் கலைப்பிரியாவைப் பார்த்தார்கள், படத்தில் பார்த்த பெண்ணே எதிரில் நின்றாள், யாரும் யாரையும் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். காபி குடித்தானதும், பையனும் பெண்ணும் கொஞ்சம் தனியாகப் பேசட்டும் என்று சித்தி சொன்னாள். இப்போது அதுவும் ஒரு முறையாகிவிட்டது. இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

பூவரசன் கூச்ச சுபாவமுள்ளவன், ஆனால் பேச்சு ஒழுங்காக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றான். அவன் தங்கை ஓசூரில் இருக்கிறாளாம், பெண்ணின் படம் உடனே வேண்டும் என்று நச்சரிக்கிறாளாம், ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். வெயிலில் நிற்கவைக்கப் பார்த்தவனை, இங்கே வேண்டாம், கண் கூசும் என்று தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு அவளே அழைத்துப்போனாள். நாலைந்து எடுத்தான். ஒவ்வொன்றையும் பார்த்து, மறுபடியும் எடுத்தான். பிறகு போனில் பழைய படத்தைத் திறந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"கலரு அதேதாங்க. மொகமும் அதேதான். இந்தப் பார்வதான் வர மாட்டேங்குது" என்றான்.

அவள் எட்டி அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"இந்தப் படத்தப் பாத்ததுமே சரின்னு ஏன் சொன்னேன் தெரியுங்களா? இத்தன வயசுல என்ன யாரும் இப்டிப் பாத்ததில்ல. கட்டிக்கினா நம்மள இப்டி ஒருத்தி பாப்பான்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாகிவிட்டது போலும், போனைத் துடைக்கிற மாதிரி கட்டைவிரலால் தேய்த்தான். "இத எடுத்தது யாருங்க?"

ஸ்டுடியோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல மனுஷன், நல்ல அம்மா, கீழே தன் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, எல்லாம் நேராகிவிடும். ஆனால் இந்த மனுஷன் தினமும் காலையில் எழுந்து அந்தப் பார்வை இன்றைக்காவது வருமா என்று அவள் முகத்தைப் பார்ப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. வராது. அவன் கேட்பது அதிகமும் இல்லை, அவளும் அதற்காகத்தான் இத்தனை வருஷம் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அவன்மேல் அவளுக்கு இரக்கமாக இருந்தது.

"என் கூடப் படிக்கிறவரு. நெடுஞ்செழியன்னு பேரு" என்றாள். அந்த வீட்டுக்குள் அவன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பூவரசன் தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தான். பழைய படத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது. அதையும் அழித்தான்.

அவருக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும், ஆனால் அவரால் வந்து கேட்கமுடியாது என்றாள். முடியாது என்றால் என்ன என்பதை இந்த ஜில்லாவில் பிறந்தவனுக்கு விளக்கவேண்டியதில்லை. அவன் முகம் ஒரு கணம் மாறியது, பிறகு பழையபடி ஆனது.

"எனக்குப் புடிக்கலன்னு நானே கீழ சொல்லிட்டுப் போயிடறேங்க. உங்களுக்குக் கஷ்டம் இல்லாம முடிஞ்சுடும்" என்றான்.

அது நல்ல மனசோடு சொன்னது. அப்படி முடிந்தால் இவன் போவான், அண்ணன் அந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்புவான், அவர்கள் வருவார்கள். அங்கே ஒருவன் அவள் படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, கேட்கமுடியாமல் இருப்பான். அவன் வாயைத் திறந்தால் ஒரு காலனியே பதில் சொல்லவேண்டிவரும். அவள் வாயைத் திறந்தால் முதல் அடி அவள்மேல்தான் விழும். அப்படியானால் திறக்கவேண்டியவள் அவள்தான்.

"வேணாங்க. நானே சொல்றேன்" என்றாள். கைப்பிடிச் சுவர் பக்கம் போய்க் கீழே பார்த்து, "அண்ணா, கொஞ்சம் மேல வாண்ணா" என்று கூப்பிட்டாள்.

வேங்கடேசன் சிரித்த முகமாக வந்தான். பேசி முடித்துவிட்டார்கள், தேதி குறிக்கலாம் என்று நினைத்திருப்பான். அவனுக்குப் பின்னால் கவிதாவும் வந்தாள், ராஜாமணி படியிலேயே நின்றுவிட்டாள். அந்த முகங்களில் இருந்த சந்தோஷத்தைக் கலைப்பிரியா பார்த்தாள். பேசுவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அந்தப் போட்டோவுல நான் ஒருத்தரப் பாத்துக்கினு இருக்கேன். எடுத்தவரத்தான் பாத்துக்கினு இருக்கேன். இவரு நல்லவரு, இவர் மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அவரத்தான் நான் கட்டிக்கணும். அவரு என்னக் கேக்கல. நானாத்தான் சொல்றேன்."

வேங்கடேசன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. அவன் யார், பெயர் என்ன, என்ன வேலை பார்க்கிறான், தங்கையை நன்றாக வைத்துக்கொள்வானா என்று எதையும் கேட்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எந்தத் தெரு?"

"காலனி" என்றாள் கலைப்பிரியா.